இசையறையும் ஆய்வுக்கூடமும்

நம் பள்ளிகளின் கால அட்டவணையில் ஒரு விந்தை உண்டு. வாரத்தில் ஓரிரு பாடவேளை சங்கீதம், பல பாடவேளை அறிவியல், நாள்தோறும் கணிதம். இவை மூன்றும் அடுத்தடுத்த கட்டங்களில் அமர்ந்திருந்தாலும், ஒன்றையொன்று அறியாத அயலார் போலவே ஆண்டு முழுவதும் வாழ்ந்து பிரிகின்றன. அறிவியல் வகுப்பில், "பொருள்களின் அதிர்வினால் ஒலி உண்டாகிறது" என்று மாணவியர் ஒரே குரலில் ஒப்பிக்கின்றனர். மணி அடித்ததும் அதே மாணவியர் இசையறைக்குச் சென்று, தம் தொண்டையையே அதிரச் செய்து சரளி வரிசை பாடுகின்றனர். அங்கே சொன்னதும் இங்கே செய்ததும் ஒன்றே என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஒலியின் கணிதத்தையும் அறிவியலையும் பிள்ளைகளுக்கு இசையின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு. மற்றப் பாடங்களில் அணுவையும் மின்னோட்டத்தையும் கண்ணால் காணாமலே நம்பவேண்டியிருக்கிறது. ஒலியோ அவ்வாறன்று. அதை அளக்கும் கருவியான செவியும், அதை உண்டாக்கும் கருவியான குரலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பிறவியிலேயே உள்ளன. கையிலுள்ள விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தேடுவானேன்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "இசை கேட்டால் குழந்தையின் மூளை வளரும், மதிப்பெண் கூடும்" என்று விளம்பரம் செய்வோர் உளர். 1993-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வே இப்பேச்சுக்கு வித்து. அந்த ஆய்வு நடந்தது குழந்தைகளிடம் அன்று, கல்லூரி மாணவரிடம். அதிற்கண்ட பலனும் கால்மணி நேரத்துக்குமேல் நிலைக்கவில்லை. ஆகவே, பாட்டுப் பாடினால் கணக்குத் தானாக வந்துவிடும் என்று நான் கூற வரவில்லை. பாட்டினுள்ளேயே கணக்கு இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்றே கூறுகிறேன்.

தந்தியில் பின்னம்

ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்று, எஃகுத் தந்தி ஒன்று, அதைத் தாங்க இரண்டு மரத்துண்டுகள், தந்தியின் நுனியில் தொங்கவிடச் சில எடைக்கற்கள். நம் ஊர்த் தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து தருவார். அதிரும் தந்தியின் நீளம் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை மீட்டினால் எழும் ஒலியே நமக்கு 'ச'. மரத்துண்டை நகர்த்தி 45 சென்டிமீட்டரில் நிறுத்தினால் மேல் 'ச'. 60-இல் நிறுத்தினால் 'ப'. 67½-இல் நிறுத்தினால் 'ம'. அளவுகோலை வைத்துப் பார்த்துச் சொல்லத் தேவையில்லை, பாடத்தெரிந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே, செவியால் கேட்டு, "இதோ, இங்கே!" என்று நிறுத்திவிடுவாள். பின்பு அளந்து பார்த்தால் பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று என்று அழகான பின்னங்கள் வந்து நிற்கும்.

இனி அடுத்த படி. மூன்றில் இரண்டை நான்கில் மூன்றால் பெருக்குங்கள், பாதி வருகிறது. இதன் பொருள் என்ன? 'ச'விலிருந்து 'ப'வுக்கு ஏறி, அங்கிருந்து 'ச'–'ம' தொலைவு இன்னும் ஏறினால் மேல் 'ச'வை அடையலாம். பின்னப் பெருக்கலைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் பலர். அப்பெருக்கலைத் தினமும் பாடிக்கொண்டிருந்தோம் என்று அறியும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடு உண்டோ?

நீளத்தை மாற்றாமல், தொங்கும் எடையை மாற்றியும் பார்க்கலாம். எடையை இருமடங்காக்கினால் மேல் 'ச' வரும் என்றே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்; வராது. நான்கு மடங்காக்க வேண்டும். அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்னும் விதி அப்போது மனத்தில் பதியும், பின்பு மறக்காது. தந்தியின் இவ்விதிகளை 1636-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் மாரின் மெர்சென் என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவி என்பது நம் அருட்சகோதரியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. துறவு மடத்தின் அறையில் செபமும் கணக்கும் தந்தியின் நாதமும் ஒன்றாகவே குடியிருந்தன.

ஆலயத்து ஹார்மோனியம் ஒரு பாடநூல்

மேல் வகுப்பு மாணவியருக்கு இன்னும் நுட்பமான ஒன்று காத்திருக்கிறது. 'ச'வின் அதிர்வெண் 240 என்றால், தந்தியில் செவிக்கு முற்றும் இனிக்கும் அந்தர காந்தாரம் 300. ஆனால் ஹார்மோனியத்தில் அதே சுரத்தை அழுத்தினால் ஏறக்குறைய 302½ ஒலிக்கிறது. ஏன்? ஹார்மோனியத்தை அமைப்போர் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறக்குறைய 1.0595 மடங்கு உயர்கிறது. பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2. எந்தக் கட்டையைச் சுருதியாக வைத்துக்கொண்டும் பாடலாம் என்ற வசதிக்காகச் செய்த ஏற்பாடு இது. வசதிக்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு சுரத்திலும் சிறிது பிசகு.

பிசகே இல்லாமல் அமைக்க இயலாதா என்று கேட்பீர்கள். கணக்கே விடை சொல்கிறது. பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால், அதாவது 3/2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால், ஏறக்குறைய 129¾ கிடைக்கும். ஏழு ஸ்தாயி ஏறினால், அதாவது 2-ஐ ஏழு முறை பெருக்கினால், 128. இரண்டும் அருகருகே வருகின்றன. ஆனால் ஒருபோதும் சேர்வதில்லை. மூன்றின் அடுக்கு இரண்டின் அடுக்குக்குச் சமமாகாது என்னும் எளிய உண்மை, உலகத்து இசைவாணர் அனைவரையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்ததற்கு, இந்தப் பிசகும் கமகத்துக்கு அது இசையாமையும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் ஆலயத்தில் திருப்பலிப் பாடலுக்கு வாசிக்கும் பெட்டிக்குள் இத்தனை செய்தி அடங்கியிருக்கிறது! அதையும் தம்பூராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒலிக்கச் செய்தால், அறிவியல் நூலில் 'விம்மல்கள்' என்று படிப்பதைப் பிள்ளைகள் காதாலேயே எண்ணிவிடலாம்.

இந்தக் கணக்கிலேயே தம் முதுமையைச் செலவிட்டவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, சித்த மருத்துவராகப் பெயர் பெற்ற அவர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதிகள் இருபத்திரண்டு என்பார் கூற்றை மறுத்து, இருபத்துநான்கு என்று எண்களை அடுக்கி வாதிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில், தம் கொள்கையைத் தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டே வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். அவர் முடிவை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கட்டும். பெண்கள் வாசிக்க, ஆன்றோர் சபை கணக்கைக் கேட்டது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இலங்கைக் கரையிலும் இப்படி ஒருவர் இருந்தார். மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்த விபுலானந்த அடிகள், துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். பழைய யாழின் நரம்புகளைக் கணக்கால் மீட்டெடுக்க முயன்று, 1947-இல் 'யாழ் நூல்' தந்தார். அறிவியல் வகுப்பறையிலிருந்து இசைக்கு நடந்து செல்லும் வழி நெடுந்தொலைவன்று.

தாளத்தில் மடங்கு

சுரத்தைப் போலவே தாளமும் கணக்கு ஆசிரியர்தாம். முதற்காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம், இரண்டாங் காலத்தில் இரண்டு, மூன்றாங் காலத்தில் நான்கு. பிள்ளைகள் கையால் தட்டுவது இரண்டின் அடுக்குகளையே. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. 'ததிங்கிணதொம்' என்னும் சொற்கட்டில் ஐந்து. எட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஐந்தை வாயால் சொல்லிக்கொண்டே போனால், இரண்டும் மீண்டும் சமத்தில் சந்திப்பது நாற்பதாவது எண்ணிக்கை முடிந்தபிறகே. மீச்சிறு பொது மடங்கு என்பது இதுதானே? ஒரு வகுப்பு முழுவதும் ஒன்றாகத் தட்டி, சரியாக அந்த இடத்தில் ஒன்றாக வந்து விழும்போது எழும் ஆரவாரத்தைக் கரும்பலகைக் கணக்கு எதுவும் தருவதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் சேர்வுகள் என்று ஒரு பாடம் வருகிறது. 'ச'வுக்கும் 'ம'வுக்கும் நடுவே நான்கு இடங்கள். அவற்றுள் இரண்டைத் தேர்ந்து ரிஷபமும் காந்தாரமும் ஆக்கவேண்டும். ஆறு வகையில் தேரலாம். அவ்வாறே தைவத நிஷாதங்களுக்கும் ஆறு. ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு. மத்தியமம் இரண்டு வகை ஆதலால் எழுபத்திரண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் எண்ணிக்கை இப்படிப் பிறந்ததே. மேளகர்த்தா அட்டவணையை மனப்பாடம் செய்யும் மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால், அவள் அதை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானே எழுதிவிடுவாள்.

தோலும் கல்லும்

சர் சி. வி. இராமன் பெயரைக் கேட்டதும் நாம் ஒளியையே நினைக்கிறோம். அவர் நெடுங்காலம் ஆராய்ந்த பொருள்களில் ஒலியும் ஒன்று. சாதாரணமாகத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. அதனால்தான் பல பறைகளில் முழக்கம் இருந்தாலும் தெளிவான சுருதி இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருப்பாகப் பூசியிருக்கும் கரணை இக்குறையை நீக்குகிறது. அந்தப் பூச்சின் கனத்தால் மேற்சுரங்கள் 2, 3, 4, 5 மடங்கு என்று ஒழுங்காக அமைந்து, தோற்கருவியும் தந்திபோலச் சுருதி சேர்கிறது. 1920-இலும் பின்பு 1934-இலும் இராமன் இதை எழுதினார். தோலின்மீது நுண்மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கண்டே அவர் இதை விளக்கினார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு மிருதங்கமும் ஒரு பிடி மணலுமே போதும். மாமல்லபுரத்துக் கரையில் மணலுக்குப் பஞ்சமா?

மாமல்லபுரம் என்றவுடன் நம் சுற்றுலா நினைவுக்கு வருகிறது. செங்கற்பட்டுப் பகுதிப் பள்ளிகளில் அங்கே செல்லாத பள்ளி இராது. ஐந்து ரதங்களைக் கண்டு, பல்லவர் பெயர்களை எழுதிக்கொண்டு, பெரிய உருண்டைப் பாறையின் கீழ் நின்று படம் எடுத்து, சுண்டல் தின்று திரும்புகிறோம். அங்கே கேட்கவேண்டியதைக் கேட்காமலே வருகிறோம்! 1957-இல் தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பப் பயிற்சி நிறுவனம் அங்கே கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது, ஊரெங்கும் உளிச்சத்தம். கல்லைத் தட்டி, அதன் நாதத்தைக் கேட்டு, ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபு சிற்ப நூல்களில் உண்டு. பழுதற்ற கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்ட கல் மந்தமாக ஒலிக்கும். சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார் சுண்டிப் பார்ப்பதும் இதே கலைதான்.

அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள், உலோகத்தை வெட்டாமலும் உடைக்காமலும் உள்ளே இருக்கும் குறையை ஒலி முதலியவற்றால் கண்டறியும் முறைகளில் தேர்ந்தவர்கள். அவர்கள் கர்நாடகத்து ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களையும் ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். தூண்களுக்குள் ஏதோ பொந்து இருப்பதாகப் பலர் நம்பியிருந்தனர். அவை முற்றும் கெட்டியான கல்லே என்றும், மெல்லிய தூண் வளைந்து நெளிந்து அதிர்வதால் அந்நாதம் எழுகிறது என்றும் அவர்கள் காட்டினர். இதிலும் நமக்குப் பாடம் உண்டு. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்கு. அதே பருமனுள்ள கல்தூணின் நீளத்தைப் பாதியாக்கினால், இவ்வாறு வளைந்து அதிரும் அதிர்வெண் நான்கு மடங்கு. கல்லில் சுரம் பிடித்த நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உளியை ஓட்டியிருக்க வேண்டும்!

இன்னொரு செய்தி பலர் அறியாதது. 1820, 1821 ஆண்டுகளில், சென்னை வானாய்வகத்தில் இருந்த கோல்டிங்காம் என்னும் அறிஞர், புனித ஜார்ஜ் கோட்டையிலும், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கிய பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து, ஒளி தெரிந்ததற்கும் ஒலி கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை மாதக்கணக்கில் எண்ணினார். மார்கழி, தை மாதக் குளிர்ச்சியில் ஒலி மெதுவாகவும், கோடை வெப்பத்தில் விரைவாகவும் செல்வதைக் கண்டார். புனித தோமையார் மலைக்குத் திருயாத்திரை செல்லும் நாம் இதையும் நினைக்கலாம். இதற்கும் இசைக்கும் என்ன தொடர்பு? கூட்டம் நிறைந்து மண்டபம் வெம்மையுறும்போது புல்லாங்குழலின் சுருதி சற்று ஏறுகிறது. வீணையின் உலோகத் தந்தியோ தளர்ந்து இறங்குகிறது. ஆண்டு விழாவில் நடுவில் சுருதி சேர்ப்பது ஏன் என்று இனி எவரும் கேட்க வேண்டாம்.

நம் பெண்களுக்கு இது ஏன் வேண்டும்?

பெண்ணுக்குப் பாட்டு ஓர் அணிகலன் என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். பெண் பார்க்க வருவோர்முன் ஒரு கீர்த்தனை. அதன்பின் வீணை உறைக்குள். மறுபுறம், பத்தாம் வகுப்பு நெருங்கியதும், "பாட்டு சோறு போடுமா? கணக்கைப் பார்!" என்று பெற்றோர் சங்கீதத்தை நிறுத்துகின்றனர். பள்ளியும் பாட்டு வேளையைத் தேர்வுப் பாடத்துக்குத் தந்துவிடுகிறது. இரண்டு எண்ணங்களும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இசை வேறு, அறிவு வேறு என்று பிரித்ததே அப்பிழை.

இப்பிரிவினையால் இரு வகைப் பிள்ளைகள் இழப்படைகின்றனர். நன்றாகப் பாடும் பெண், "எனக்குக் கணக்கு வராது" என்று தன்னையே ஒதுக்கிக்கொள்கிறாள்; மிஸ்ர சாபுவின் ஏழை மூன்றும் நான்குமாகப் பிசகாமல் போடும் அவளுக்கா கணக்கு வராது? குரல்வளம் இல்லாத பெண்ணோ, பாடகர் குழுவில் இடமின்றி ஆண்டு முழுவதும் கேட்பவளாகவே உட்கார்ந்திருக்கிறாள். தந்தியை அளக்கவும், கிண்ணங்களில் நீர் ஊற்றி ஜலதரங்கம் அமைக்கவும், மணலின் கோலத்தை வரையவும் குரல் எதற்கு? ஒரு பாடம் மற்றதற்குக் கதவைத் திறந்தால், இருவருமே உள்ளே வரலாம்.

"இசையை எண்ணாக்கினால் பக்தியும் பாவமும் போய்விடுமே!" என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். இலக்கணம் கற்றதால் தமிழை வெறுத்தவர் உண்டோ? பஞ்சமம் 3/2 என்று அறிந்தபின்னும் அது பஞ்சமமாகவே இனிக்கிறது. தேர்வுக்கு நேரமில்லை என்போருக்கும் ஒரு சொல். ஒலி என்னும் பாடத்தை எப்படியும் நடத்தத்தான் போகிறோம். அதை எங்கே, எதைக் கொண்டு நடத்துவது என்பதே கேள்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஆண்டுக்கு நான்கு பாடவேளை, இசையாசிரியையும் அறிவியல் ஆசிரியையும் கணித ஆசிரியையும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கட்டும்; ஒரு பலகையும் ஒரு தந்தியும் அதற்குப் போதும். மாமல்லபுரச் சுற்றுலாவில் ஒரு மணி நேரம், நிர்வாகத்தார் அனுமதியோடு சிற்பிகளின் பட்டறையில் நின்று கல்லின் ஒலியைக் கேட்கச் செய்யட்டும். பெற்றோர் மேல்வகுப்பிலும் பாட்டை நிறுத்தாதிருக்கட்டும். மாலையில் மகள் பாடும்போது, அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் தம் கைபேசியில் திறந்து, அவள் பாடும் 'ச'வும் 'ப'வும் எந்த எண்ணைக் காட்டுகின்றன என்று உடனமர்ந்து பார்க்கட்டும்.

அன்பு மாணவியரே! நாளை கல்பாக்கத்திலோ வேறெங்கோ, இரும்பின் உள்ளே மறைந்திருக்கும் விரிசலைக் காதால் கண்டுபிடிக்கும் பணி உங்களுள் ஒருத்திக்குக் கிடைக்கலாம். பாலத்தையும் கலத்தையும் அதனால் எத்தனையோ உயிர்களையும் காக்கும் பணி அது. அதற்கு வேண்டிய முதற்பயிற்சி, அபசுரத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கும் செவி. அச்செவி உங்களிடம் இருக்கிறது. அது சொல்வதை எண்ணால் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.